உறைமோர்

எதிர்வீட்டுக்குப் போக மங்களேஸ்வரிக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. சும்மா போய்க் கதவைத் தட்ட முடியுமா? இந்த அடுக்குமாடியில் யாரும் யார் கதவையும் தட்டுவதில்லை. எந்த வீட்டிலும் எதுவும் தீர்ந்துபோனால்தானே! எது எப்போது தீரும் என்று விநியோக நிலையம் முன்கூட்டியே கணக்குப் போட்டு, பக்கத்துக் கிடங்கிலிருந்து நேராக வாசலுக்கே அனுப்பிவிடுகிறது.

அதனால் அன்று சாயங்காலம் பாலைக் காய்ச்சி ஆறவைத்தவள், மிச்சமிருந்த தயிரைச் சிங்கில் கொட்டினாள். உறை ஊற்ற ஒரு கரண்டி மோர் கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். "உள்ள வாங்க" என்றுகூடச் சொல்வார்கள். புடவை மாற்றி, பொட்டு வைத்து, காலித் தம்ளருடன் கதவைத் திறந்தாள்.

வாசற்படியில் மூடிபோட்ட சின்னக் கிண்ணம் இருந்தது. உறைமோர்.

நிமிர்ந்தாள். எதிர்வீட்டுக் கதவும் திறந்திருந்தது. தேவசகாயம் நின்றிருந்தார், பெயர்ப்பலகையில் பார்த்துத்தான் அந்தப் பெயரே அவளுக்குத் தெரியும். இஸ்திரி போட்ட சட்டை. கையில் காலி டப்பா. காலடியில் ஒரு காப்பித்தூள் பொட்டலம்.

டப்பாவை அவர் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"காப்பித்தூள் தீந்துபோச்சு, உங்ககிட்ட கேக்கலாம்னு..." என்று இழுத்தார். "அதுக்குள்ள வந்துடுச்சு."

"எனக்கும் வந்துடுச்சுங்க," என்றாள்.

இருவரும் குனிந்து அவரவர் பொருளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

விடிவதற்குள் பால் கெட்டியாக உறைந்துவிட்டது. நல்ல தயிர். ஒரு ஆளுக்கான தயிர்.