வைத்தியம் யாருக்கு?

வரி அலுவலகத்தின் முன்னுரிமை வரிசையில் ஜெனில்டா போய் நின்றதும், முன்னால் நின்ற கிழவர் திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“உனக்கு அறுபது ஆயிடுச்சா?”

“அம்பத்தொண்ணு. காலு வீங்கிக் கெடக்கு பெரியவரே. என் செருப்பு ஏறாம மருமகன் செருப்பைப் போட்டுட்டு வந்திருக்கேன், பாருங்க.”

கிழவர் சிரித்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தார். பின்னால் மகள் ஜுசாரா, ரசீதுகள் வைத்த உறையை மார்போடு அணைத்தபடி நின்றாள்.

ஜெனில்டா இருபது வருஷமாக நகரப் பேருந்து ஓட்டுகிறாள். குழந்தைப்பேறு வைத்தியத்துக்கு ஆன செலவைத் தன் வருமானத்தில் கழித்துக் கணக்குக் காட்டியிருந்தாள். அம்பத்தொரு வயசில் இப்படியொரு செலவா என்று அலுவலகத்துக் கணினிக்கே சந்தேகம் வந்து, கூப்பிட்டு அனுப்பிவிட்டது. கணக்கை ஒப்புக்கொள்ளாவிட்டால் திரும்ப வரவேண்டிய வரிப்பணமும் வராது, மேலே அபராதமும் விழும். விற்றுக் கட்டலாம் என்றால் வீட்டில் மிஞ்சியிருப்பது ஃப்ரிட்ஜ் ஒன்றுதான்.

மூன்றாம் மேசையில் அதிகாரி எவால்டோ. அரசாங்கம் நாற்காலி கொடுத்தபோது அறிவையும் அதிலேயே வைத்துக் கொடுத்ததாக அவருக்கு நினைப்பு. காபியை உறிஞ்சிக்கொண்டே ரசீதுகளைப் புரட்டினார்.

“என்ன ஜெனில்டா அம்மா, இந்த வயசுல பிள்ளை ஆசையா? ரொம்ப சந்தோஷம். அப்பன் யாரு, கார்னிவல் திருவிழாக் கூத்துல பிடிச்ச ஆளா?”

பக்கத்து மேசைக்காரி கிளுக்கென்று சிரித்தாள்.

“என் புருஷன் போயி ஒம்பது வருஷம் ஆச்சு தம்பி. உங்களுக்குத் தெரிஞ்ச ஆளு இருந்தா சொல்லுங்க. சமைக்கத் தெரியணும்.”

பக்கத்து மேசைக்காரி இப்போது இன்னும் பலமாகச் சிரித்தாள். எவால்டோவின் முகம் சுருங்கியது. பேனாவை ஜுசாரா பக்கம் நீட்டினார்.

“வெளையாட்டு போதும். பிள்ளை வேணும்னு அலையறது இந்தப் பொண்ணு. பணம் கட்டினது அம்மா. ரசீதும் அம்மா பேருல. எனக்குத் தெரியாதா? வாரத்துக்குப் பத்து பேரு இப்படி வர்றாங்க.”

“சார், அது வந்து...” என்று ஜுசாரா வாயெடுத்தாள்.

“நீ சும்மா இரு” என்றாள் ஜெனில்டா. சீட்டு வாங்காமல் ஏறிவிட்டுச் சட்டம் பேசுகிறவனைப் பார்க்கிற அதே பொறுமையோடு எவால்டோவைப் பார்த்தாள். “சட்டம் என்ன சொல்லுது தம்பி? அதைச் சொல்லுங்க.”

சட்டம் என்றதும் எவால்டோவுக்குக் குரல் கூடிவிட்டது. “யாரு உடம்புல வைத்தியம் நடந்துச்சோ, அவங்க கணக்குலதான் கழிக்கணும். மகளுக்காகக் கட்டினேன்னா அது பாசம். பாசத்துக்கெல்லாம் வரிச்சலுகை கெடையாது.”

“யாரு உடம்போ, அவங்களுக்கு?”

“அவங்களுக்கு மட்டும். போப்பாண்டவரே வந்து கேட்டாலும் அவ்வளவுதான்.”

“பின்னாடி மாத்திச் சொல்ல மாட்டீங்களே?”

“எழுதியே தர்றேன்.”

எழுதியும் கொடுத்தார், முத்திரை குத்தி. தன் கையெழுத்தைத் தானே ஒரு கணம் ரசித்துவிட்டு, அபராதம் எழுதுவதற்கான தாளை இழுத்து வைத்துக்கொண்டார்.

ஜெனில்டா அவர் கொடுத்த தாளை மடித்து ஜுசாராவிடம் பத்திரமாகக் கொடுத்தாள். மேசை விளிம்பைப் பிடித்து மெல்ல எழுந்தாள். தொளதொளவென்று தொங்கிய சட்டையைப் பின்பக்கமாக இழுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எவால்டோவின் பேனா அப்படியே நின்றது.

“பிள்ளை இவளோடது தம்பி. வயிறு என்னோடது.”