நாற்பத்திரண்டாம் வரி

முதல் கருவி அரை நொடியில் அடைப்புக்குறியை மூடிவிட்டது.

அவள் அழித்தாள். அது மறுபடி மூடியது. கேட்காமல் ஒத்தாசைக்கு வருகிறவர்களைக் கண்டால் அவளுக்கு எப்போதுமே ஆகாது.

இரண்டாவது கருவியும் அப்படித்தான்.

பழைய கருவியை மாதக் கடைசியோடு நிறுத்துகிறார்கள். வேறு வேறு ஊரில் இருப்பவர்கள் இணையத்தில் ஒரே பக்கத்தில் சேர்ந்து நிரல் எழுத, புதிதாக ஒன்று வேண்டும். மூன்றில் எது என்று நாலு மணிக்குள் சொல்லச் சொல்லி மேலாளர் ரங்கநாதன் அவள் தலையில் கட்டிவிட்டார்.

சோதித்துப் பார்க்க ஏதாவது ஒரு கோப்பு போதும். அவள் கடைசியாக எழுதிய கோப்பையே எடுத்தாள். லாரி எடைமேடைக்கு ரசீது போடும் நிரல். அதில் நாற்பத்திரண்டாம் வரியில் ஓர் அடைப்புக்குறி திறந்தே கிடக்கிறது.

பத்தொன்பது நாளாக.

திறந்தது அவள். மூட வேண்டியவன் பிரிட்டோ.

அவள் ஈரோடு, அவன் தூத்துக்குடி. நாலு வருடம் ஒரே பக்கத்தில் எழுதினார்கள். அவள் கர்சர் பச்சை, அவனுடையது ஆரஞ்சு. நேரில் பார்த்ததில்லை. அவள் அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு, மூடாமலே அடுத்த வரிக்குப் போய்விடுவாள். முதல் வாரம் அது மறதி. பிறகு வேண்டுமென்றே செய்தாள். பின்னாலேயே ஆரஞ்சுக் கர்சர் வந்து மூடும். இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம்.

அன்றைக்கும் சாப்பிட்டுவிட்டு வந்து மூடுவான் என்றுதான் விட்டுவைத்தாள்.

நெஞ்சுவலி. அலுவலகக் குழுவில் இரங்கல் செய்தி வந்தது. கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. அவளும் ஒன்று போட்டாள்.

வயதானவரா என்று கணவன் கேட்டான். இல்லை என்றாள். குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. போய் அடுப்பை அணைத்தாள்.

அழுகை வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். வரவில்லை. சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. அவளுக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது.

மூன்றாவது கருவியைத் திறந்தாள்.

சரியான கட்டை வண்டி. ஓர் எழுத்தைத் தட்டினால் யோசித்து யோசித்துக் காட்டுகிறது. ஆனால் நாற்பத்திரண்டாம் வரியில் அது கை வைக்கவில்லை. அடியில் ஒரு சிவப்புக் கோடு போட்டதோடு சரி.

மூன்றாவது என்று எழுதி அனுப்பினாள்.

ரங்கநாதன் உடனே கூப்பிட்டார். "இருக்கறதுலயே மோசமானதைப் பொறுக்கி எடுத்திருக்கியேம்மா. நல்லா பாத்துட்டுத்தான் சொல்றியா?"

"பாத்துட்டுத்தான் சார் சொல்றேன்."

"சரி, உன் இஷ்டம். பிரிட்டோ இடத்துக்கு நசீமான்னு ஒருத்தங்க வந்திருக்காங்க. அதுலயே உன்கூட சேத்துவிடறேன்."

பிரிட்டோ இடம். அவள் சரி சார் என்றாள்.

பத்து நிமிடத்தில் நீலக் கர்சர் ஒன்று கோப்புக்குள் வந்தது. பக்கத்தில் நசீமா என்று பெயர். புது வீட்டைச் சுற்றிப் பார்க்கிறவள் போல ஒவ்வொரு வரியாக இறங்கியது.

நாற்பத்திரண்டில் நின்றது.

அவள் விரல்கள் விசைப்பலகைமேல்தான் இருந்தன. அதைத் தொடாதீங்க என்று தட்ட நேரம் இருந்தது. மெதுவான கருவியாயிற்றே.

தட்டவில்லை.

அடைப்புக்குறி மூடிக்கொண்டது. சிவப்புக் கோடு மறைந்தது.

ஓரத்தில் ஒரு செய்தி வந்தது.

"ஒண்ணு மூடாம இருந்துச்சு மேடம். மூடிட்டேன்."

கோபம் வரும் என்று நினைத்தாள். அதுவும் வரவில்லை.

தேங்க்ஸ் என்று தட்டினாள்.

நாற்பத்து மூன்றாம் வரிக்குப் போனாள். அடைப்புக்குறியைத் திறந்தாள். எழுதினாள்.

நீலக் கர்சர் ஒரு வரி தள்ளிக் காத்திருந்தது.

அவளே மூடினாள்.