ஜீன் பொருத்தம்

"வரன் என்னவோ நல்ல வரன்தான், பையன் பாங்க் ஆபீசர்…" என்று இழுத்தாள் சாவித்ரி. பவானிபூரிலிருந்து சந்தேஷ் ஸ்வீட் டப்பாவோடு லேக் கார்டன்ஸில் சஹானா வீட்டுக்கு வந்ததே இதைச் சொல்லத்தான். "ஆனா உங்கப்பாவைக் கொண்டுபோன மூளை வியாதி உங்க குடும்பத்துலயே ஓடறதாமேன்னு கேக்கறா."

"தாராளமா கேக்கட்டும். நான் ஆராய்ச்சி பண்றதே அந்த வியாதியைத்தானே?" காபியை நீட்டினாள் சஹானா. "'பிரியான்'னு ஒரு கெட்டுப்போன புரதம். எல்லா செல்லையும் அது ஒரே மாதிரி பிடிக்காது. சிலது உடனே இடம் கொடுத்துடும், சிலது கிட்டயே சேர்க்காது. எல்லாம் ஜீனைப் பொறுத்தது. அப்பாவோட ஜீன்ல இருந்த கோளாறு தாத்தாகிட்டேர்ந்து வந்தது. எனக்கு டெஸ்ட் பண்ணிப் பாத்தாச்சு. அது இல்லை."

சாவித்ரியின் முகம் மலர்ந்தது. "அப்பாடா, இன்னிக்கே சொல்லிடறேன். நல்லவேளை, எங்க பிள்ளை மதுவுக்குப் பொண்ணு பாக்கறப்போ இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது."

சஹானா எழுந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு என்னோட டாக்டர்கிட்ட வாங்கோ. உங்களுக்கும் பாத்துடலாம்."

"எனக்கு எதுக்குடி? நான் வேற குடும்பம், வேற கோத்திரம்."

"பயப்படாதீங்கோ, எதுவானாலும் நான் கூட இருக்கேன்." சஹானா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா கல்யாணத்துல கோத்திரம் மட்டும்தான் மாறும், அத்தை. என் தாத்தா உங்களுக்கு அப்பா இல்லையா?"