நல்ல மாற்றம்

அந்த முதியோர் இல்லத்தில் நடக்கும் மனநலத் திட்டத்தால் பலன் உண்டா என்று அளக்க வேண்டும். எதை வைத்து அளப்பது என்று முடிவு செய்யத்தான் ஹெப்சிபா வந்திருந்தாள். நிர்வாகி சுகந்தி தயங்கவேயில்லை.

“வீட்டுக்குப் போகணும்னு கேக்கறதை எத்தனை பேர் விட்டிருக்காங்கன்னு பாருங்க மேடம். வேலாயுதம் ஐயா முன்னெல்லாம் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு அழுவாரு. இப்ப வாயே திறக்கறதில்லை.”

வேலாயுதம் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹெப்சிபா அவர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“இப்பல்லாம் வீட்டு ஞாபகம் வர்றதில்லையா ஐயா?”

அவர் அறை வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “வராம இருக்குமாம்மா? கேட்டா ஊசி போட்டுடறாங்க. அப்புறம் நாக்கே எழும்ப மாட்டேங்குது. அதான் கேக்கறதில்லை.”

ஹெப்சிபா விருட்டென்று எழுந்தாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார்.

“சொல்லிடாதம்மா. நீ சாயங்காலம் ஊருக்குப் போயிடுவ. நான் இங்கதான கெடக்கணும்?”

அவளால் கையை உருவிக்கொள்ள முடியவில்லை. அதற்குள் சுகந்தி வாசலில் வந்து நின்றாள்.

“என்ன மேடம் சொல்றாரு?”

“இங்க எனக்கு ஒரு குறையும் இல்லைன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்” என்று வேலாயுதம் சிரித்தார்.

சுகந்தியின் முகம் மலர்ந்தது. “பாத்தீங்களா? அப்ப இதையே அளவா வெச்சுக்கலாமா மேடம்?”

இருவரும் ஹெப்சிபாவின் வாயையே பார்த்தார்கள். அவள் மணிக்கட்டில் அவருடைய பிடி இறுகியது.