ஓடைக்கு ஓர் உத்தியோகத்தர்

“எவன்யா பெட்டிசன் எழுதிப் போட்டது?”

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில், கூடியிருந்தவர்களுக்கு நடுவே நின்று கந்தப்பன் கத்தினார். பிரதேச செயலகத்திலிருந்து வந்திருந்த சுற்றாடல் உத்தியோகத்தர் யசோதினி, சேறு அப்பிய சப்பாத்தோடு நின்றாள். யாழ்ப்பாணத்திலிருந்து மலையகத்து டயகம பக்கம் மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான்.

“ஆர் எண்டு எனக்கும் தெரியாது ஐயா. பெயர் போடேல்லை. ஓடையில மலக்கழிவு கலக்குதெண்டு முறைப்பாடு. வந்து பாக்கிறது என்ர கடமை.”

பார்த்தாள். லயத்தில் குடியிருக்கும் மீனம்மாவின் வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு குழாய் நேரே ஓடைக்குள் இறங்கியிருந்தது. நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“இது உங்கட வேலையோ அம்மா?”

தேயிலை மலையிலிருந்து அப்போதுதான் வந்த மீனம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தாள்.

“ஆமாங்க மிஸ். பதினாறு வீட்டுக்கு ரெண்டு கக்கூசு. ரெண்டு குழியும் இடிஞ்சு போச்சு. என்ன செய்றது, பைப்பு போட்டுட்டோம்.”

யசோதினிக்குக் கோபம் வந்தது.

“கீழ எத்தினை சனம் இந்தத் தண்ணியைக் குடிக்குது! முந்தி மாதிரி இல்லை அம்மா. எண்பதில சுற்றாடல் சட்டம் வந்தது. அப்ப கொழும்பில மட்டும்தான் கந்தோர். பிறகு மாகாணத்துக்கு வந்தது, மாவட்டத்துக்கு வந்தது. இப்ப பிரதேச செயலகத்திலயே நாங்கள் இருக்கிறம்.”

“ஓடைக்கு இத்தனை ஆபீசுங்களா!” என்றாள் மீனம்மா.

“அப்ப எங்களுக்கு அபராதமா மிஸ்?” கந்தப்பனின் குரல் இறங்கியிருந்தது.

யசோதினி கழிவறைப் பக்கம் போனாள். தகரக் கதவைத் தொட்டதும் அது கையோடு வந்தது. திரும்பி வந்து குறிப்பேட்டில் எழுதினாள்.

“உங்களுக்கில்லை. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். புதுக் கழிவறை கட்டோணும், குழாயை எடுக்கோணுமெண்டு நிர்வாகத்துக்கு அறிவித்தல் போகும். கட்டாட்டி வழக்கு.”

கூட்டம் கலைந்தது. மீனம்மா மட்டும் ரோடு வரைக்கும் கூட வந்தாள்.

“பெட்டிசன் எழுதின ஆளில கோபப்படாதேங்கோ அம்மா” என்றாள் யசோதினி.

மீனம்மா முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“நான்தாங்க மிஸ் எழுதுனேன்.”

யசோதினி நின்றுவிட்டாள். “உங்களுக்கெதிரா நீங்களேயோ?”

“கக்கூசு கட்டித் தாங்கன்னு பத்து வருஷமா எழுதுனோம். ஒருத்தரும் எட்டிப் பாக்கல. ஓடை கெட்டுப் போச்சுன்னு எழுதுனேன், ஒம்பதாம் நாளே வந்துட்டீங்க.”