அஞ்சுக்கு மூணு

ஜன்னலில் கட்டிய கறுப்புப் போர்வை படபடக்கிறது. அதைத் தாண்டி வெயில் வரவில்லை. பெரம்பலூர் மெயின்ரோட்டில் போகும் மெட்ராஸ் பஸ்களின் ஹாரன் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. இருட்டறையில் கண் டாக்டர் மனோன்மணியின் நெற்றி விளக்கு, ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட குழந்தையின் கண்ணுக்குள் இறங்கித் தேடுகிறது. உள்ளங்கையில் அடங்கும் தலை நழுவி நழுவிப் போகிறது. அணில் போலக் கீச்சிடுகிறான். அவன் கால்களைப் பிடித்திருக்கும் தாய் செங்கமலத்தின் வளையல்கள் அவன் உதைக்கும்போதெல்லாம் குலுங்குகின்றன. டாக்டர் நிமிர்ந்து, காகிதத்தில் வட்டத்துக்குள் வட்டமாக விழித்திரையை வரைகிறார். நடு வட்டம் தப்பியிருக்கிறது. அதற்கு அடுத்ததில் வரப்பு மாதிரி ஒரு மேடு. மேட்டின் மேல் கண்டபடி படர்ந்த ரத்தக்குழாய்கள். பென்சில் முனை ஒடிகிறது. “ரெண்டாவது வட்டம். அஞ்சு நிலையில மூணாவது,” என்கிறார் பக்கத்தில் நிற்கும் நர்ஸிடம். செங்கமலத்தின் முகம் மலர்கிறது. “அஞ்சுக்கு மூணுங்களா? அப்ப எம்மவன் பாஸுதானுங்களே?” மனோன்மணி ஒடிந்த பென்சிலைக் கீழே வைக்கிறார். “இல்லம்மா. இந்தப் பரீச்சையில முட்டை வாங்குனாத்தான் நல்லது. மெட்ராஸ்ல இன்னிக்கே காட்டுனா, பார்வை போவாம இதோட நிறுத்தப் பாக்கலாம்.” செங்கமலத்தின் சிரிப்பு இறங்க இடம் தெரியாமல் உதட்டிலேயே நிற்கிறது. “அஞ்சு வாங்கிட்டா என்னங்க ஆவும்?” டாக்டர் எழுந்து ஜன்னலுக்குப் போகிறார். போர்வையைப் பிடித்து இழுக்கிறார். வெயில் கொட்டுகிறது. குழந்தை கண்ணை இறுக்கிக்கொள்கிறான். வாசலில் நிற்கும் வாட்ச்மேனைப் பார்த்து மனோன்மணி கத்துகிறார்: “அந்த மெட்ராஸ் பஸ்ஸ நிறுத்துப்பா! புள்ள இன்னும் மூணுலதான் இருக்கான்!”