பன்னிரண்டாவது நர்ஸ்

"மைக்கைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்!" என்றாள் நுவாலா.

டோனல் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். "இல்ல நுவாலா, அந்தம்மா முன்பக்கத்தை விட்டுட்டு பின்பக்கத்தைத் தடவிக்கிட்டிருக்காங்க. ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டா..."

"ஆஸ்பத்திரியில பக்கத்துல நின்னு நீயா சொல்லித் தரப்போறே? பேசாம பாரு."

கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நுவாலாவும் அவளுடைய குழுவின் இன்ஜினீயர்கள் டோனலும் ஏமரும். அந்தப் பக்கம் மேசைமேல், இரண்டு வருடமாக அவர்கள் உருவாக்கிவரும் மருந்தேற்றும் பம்ப். அதன் முன்னால் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர்.

குழாயை உள்ளே வைத்து மூடியைச் சாத்தினால் பம்ப் ஓட வேண்டும். இதைச் சோதித்துப் பார்க்க இதுவரை வந்த பதினொரு நர்ஸுகளில் ஐந்து பேருக்கு மூடி பாதியில் மாட்டிக்கொண்டது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. இன்றைக்குள் காரணம் தெரியாவிட்டால், வேலை இந்தக் கால்வே நகரத்தை விட்டே போய்விடும். திங்கட்கிழமை முதல் எல்லாம் கார்க் நகரத்துக் குழுவின் கையில்.

"எதிர்ல இருக்கிற மெஷின்தான். உங்க வேலையில வழக்கமா எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்யுங்க. நாங்க உதவி பண்ண மாட்டோம்" என்று நுவாலா ஆரம்பத்திலேயே மைக்கில் சொல்லிவிட்டாள்.

"பண்ணாம இருந்தா அதுவே பெரிய உதவி" என்றிருந்தார் அந்தப் பெண்மணி.

இப்போது மூடியைச் சாத்தினார். பாதியில் நின்றது.

பெண்மணி அசரவில்லை. மின்சார இணைப்பைப் பிடுங்கினார். தோள்பையைத் திறந்து ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்தார்.

"நர்ஸ் பையில ஸ்க்ரூடிரைவரா!" டோனல் வாயைப் பிளந்தான்.

"கட்டில் கால் ஆடினாக்கூட இப்பல்லாம் நர்ஸ்தான் பார்த்துக்கணும் போல" என்றாள் ஏமர்.

"அய்யோ, பம்பையே கழட்டுறாங்க! நிறுத்துங்க நுவாலா! நம்மகிட்ட இருக்கிறதே இது ஒண்ணுதான்!"

"உபயோகிக்கிறவங்க தப்பே பண்ண மாட்டாங்க டோனல். தப்புன்னா அது நம்ம தப்பு. ஏமர், நீ எழுது. நர்ஸ் பம்பைக் கழற்றினார்."

"படிவத்துல அதுக்குக் கட்டமே இல்லையே?"

"ஓரத்துல எழுது!"

பெண்மணி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். ஒலிபெருக்கியில் அவர் சிரிப்பு கேட்டது. "எந்தப் புண்ணியவான் இந்த ஸ்ப்ரிங்கை இப்படி மாட்டினான்?"

டோனலின் காது சிவந்தது.

அவர் ஸ்ப்ரிங்கை வெளியே எடுத்து, திருப்பிப் போட்டார். திருகாணிகளை முடுக்கினார். மூடியைச் சாத்தினார். 'டக்'. திறந்தார், சாத்தினார். 'டக்'. பத்துத் தடவை செய்து பார்த்தார். ஒரு தடவைகூட மாட்டவில்லை.

"ரெண்டு வருஷம்! மூணு இன்ஜினீயர்!" என்று முனகினாள் ஏமர்.

நுவாலா காதில் எதுவும் விழவில்லை. கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். பெண்மணியின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினாள். "எங்க வேலையைக் காப்பாத்திட்டீங்க! இனி அந்தக் கார்க் குழு கனவுலதான் இதைப் பார்க்கணும்! சொல்லுங்க, நீங்க எந்த வார்டு?"

"வார்டா?" பெண்மணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "காபி மெஷின் மாட்டிக்குதுன்னு போன் வந்துது. மாடியில முதல் ரூம்னு கீழே சொன்னாங்க. சரி பண்ணிட்டேன். ஆனா, இதுல பாலை எங்க ஊத்துவீங்கன்னுதான் எனக்குக் கடைசிவரைக்கும் பிடிபடலை!"